இலை பறிப்பதை விட்டு நோயாளி பராமரிப்புக்கு வரலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வயது 29. பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவில் படித்தேன். கணவரும் நானும் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போகிறோம். பச்சைத் தேயிலை விலை இறங்கும்போதெல்லாம் எங்களுக்கு வேலை நாளும் குறைகிறது. குன்னூரில் ஒரு ஏஜென்சி, ‘மூன்று மாத ஹோம் நர்சிங் பயிற்சி, முடித்ததும் வேலை உறுதி’ என்கிறது. 35 ஆயிரம் கட்டணம், ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் கொடுக்க வேண்டுமாம். ஒரு வாரத்துக்குள் சேரச் சொல்கிறார்கள். இந்த வேலைக்கு எதிர்காலம் உண்டா? என்ன கற்றுக்கொள்ள வேண்டும்? ஆண் நோயாளிகளையும் பார்க்க வேண்டி வருமா? மாமியார், ‘ஊரான் வீட்டில் மூத்திரம் அள்ளுகிற வேலை’ என்று தடுக்கிறார்.
– ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் அந்த ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை எந்தக் காரணத்துக்காகவும் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்க வேண்டுமென்றால் கையில் காட்டிவிட்டு அப்போதே திரும்ப வாங்கிக்கொண்டு நகலைக் கொடுத்தால் போதும். ஒரிஜினலைப் பிடித்து வைப்பது எதற்கென்றால், நீங்கள் வேலையை விட்டு நிற்க நினைக்கும் நாளில் ‘இவ்வளவு கட்டு, தருகிறோம்’ என்று சொல்வதற்குத்தான். வேலை உறுதி என்ற பேச்சும் அப்படியே. எந்த வேலை, எத்தனை மணி நேரம், என்ன சம்பளம் என்று தாளில் எழுதித் தராத வாக்கை நம்பி நகையை அடகு வைக்க வேண்டாம்.

வேலைக்கு எதிர்காலம் உண்டா என்றால், உண்டு. நீலகிரியில் இன்னும் கூடுதலாகவே உண்டு. பிள்ளைகள் கோவை, திருப்பூர், பெங்களூரு என்று போய்விட, ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வயதானவர்கள் தனியே இருக்கிறார்கள். குன்னூர், வெலிங்டன் பக்கம் ராணுவத்தில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. இடுப்பு எலும்பு முறிந்தவர், பக்கவாதம் வந்தவர், பல வருடம் விறகுப் புகையில் சமைத்து நுரையீரல் கெட்டவர் ஆகியோரை ஊட்டியிலோ கோவையிலோ ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்துப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகான ஆறு மாதம் வீட்டில்தான் கழிகிறது. அந்த ஆறு மாதத்தைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் மலையில் குறைவு. சமவெளியிலிருந்து கூட்டி வந்தாலும் குளிர் தாங்காமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். நீங்கள் இந்த ஊர்க்காரர், படுக பேச்சும் ஓரளவு புரியும் என்றால், அது எந்தச் சான்றிதழும் தராத தகுதி.

இந்தத் துறையில் படிகள் உண்டு. கீழ்ப்படி, வீட்டுப் பராமரிப்பு உதவியாளர். மூன்று முதல் ஆறு மாதப் பயிற்சி போதும். அதற்கு மேல் இரண்டு வருட ஏ.என்.எம். (துணைச் செவிலியர், பேறுகால உதவியாளர் படிப்பு), மூன்று வருட ஜி.என்.எம். (பொதுச் செவிலியர் டிப்ளமோ), நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங். வணிகவியல் படித்ததால் பி.எஸ்சி. உங்களுக்குக் கிடைக்காது, அதற்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். ஏ.என்.எம்., ஜி.என்.எம். இரண்டுக்கும் இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி எந்தப் பிரிவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வயது 17 முதல் 35 வரை. அரசுப் பள்ளிகளின் விண்ணப்பக் கையேட்டில் வயதுக்கும் பாடப் பிரிவுக்கும் தனி நிபந்தனை இருக்கக்கூடும், அதையும் படித்துவிடுங்கள். உங்களுக்கு இன்னும் ஆறு வருடம் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். ஒன்றிரண்டு வருடம் உதவியாளராக வேலை பார்த்து, இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று தெரிந்துகொண்டு, 31, 32 வயதுக்குள் ஏ.என்.எம்.முக்கு விண்ணப்பிப்பதுதான் என் யோசனை. சம்பளமும் மரியாதையும் அந்தப் படியில்தான் மாறுகின்றன. மூன்று மாதம் படித்தவரை ‘நர்ஸ்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புவது தவறு. தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவர் மட்டுமே நர்ஸ். ஏஜென்சி அப்படி அறிமுகப்படுத்தினால், ‘நான் உதவியாளர்’ என்று நீங்களே திருத்திச் சொல்லிவிடுங்கள். ஏதாவது தப்பானால் வீட்டார் கேட்கப்போவது உங்களைத்தான்.

பயிற்சியைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். மத்திய அரசின் தொழிற்பயிற்சி ஒழுங்குமுறை அமைப்பான என்.சி.வி.இ.டி.யின் அங்கீகாரம் பெற்ற அமைப்பு, அதாவது ஹெல்த்கேர் செக்டர் ஸ்கில் கவுன்சில் போன்றது, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருகிறதா, அல்லது ஏஜென்சி தானே அச்சடித்துத் தருகிறதா? ஆஸ்பத்திரி வார்டில் எத்தனை நாள் நிற்க வைப்பார்கள், எந்த ஆஸ்பத்திரி? பாடம் எடுப்பவர் பதிவு பெற்ற நர்ஸா? இடையில் நின்றால் கட்டணத்தில் எவ்வளவு திரும்ப வரும்? வார்டுப் பயிற்சி இல்லாத பயிற்சி எத்தனை மலிவானாலும் வேண்டாம். பொம்மையைத் திருப்பிப் படுக்க வைப்பதும், வலியில் முனகும் 80 கிலோ மனிதரைத் திருப்புவதும் ஒன்றல்ல. பணம் கட்டுவதற்கு முன் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டம் இரண்டிலும் இந்தப் பயிற்சி இலவசமாக நடக்கிறதா என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்திலும் வேலைவாய்ப்பு அலுவலகத்திலும் விசாரியுங்கள். மலையில் நடக்காவிட்டாலும் மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ அடுத்த பேட்ச் எப்போது என்று தெரிந்துவிடும்.

என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, பெட்பேன் வைப்பது, யூரின் பேக்கைச் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிடுவது, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்வது எல்லாம் எந்தப் பயிற்சியிலும் வரும். மலையில் வேலை பார்ப்பவருக்குக் கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டியவை சில உண்டு. சமவெளிப் பாடப்புத்தகத்தில் அவை இருக்காது.

படுக்கைப் புண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இங்கே புண் வருவது பெரும்பாலும் இரவில், அதுவும் குளிருக்குப் பயந்துதான். மூன்று கம்பளியைப் போர்த்தித் தூங்குபவரை எழுப்பித் திறக்க யாருக்கும் மனம் வராது. உள்ளே டயபர் நனைந்து கிடக்கும், கம்பளியின் எடை பாத விரலையும் குதிகாலையும் அழுத்தும். அறையை முன்பே சூடாக்கி, ஒரு பக்கக் கம்பளியை மட்டும் விலக்கி, சாய்த்துத் தலையணை கொடுத்து மூடப் பழக வேண்டும். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், 30 டிகிரி சாய்வு போதும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துச் சிவந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். அங்கே எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவவே கூடாது, உள்ளே நைந்த சதை இன்னும் கிழியும்.

அடுத்தது சூடு. சுடுதண்ணீர்ப் பையைப் படுக்கையைச் சூடாக்க வையுங்கள், ஆள் படுத்ததும் எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயில் கால் மரத்தவருக்குத் தோல் வெந்தாலும் தெரியாது, காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். மூடிய அறையில் கரி அடுப்புக் கணப்பு வைக்கக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, பேச்சு குழறி மந்தமாக இருந்தால் அது 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்.

ஆக்சிஜன் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு நடப்பது அதில்தான் அதிகம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். அதனால் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும், விரலில் மாட்டும் மிஷின் ஆரோக்கியமானவருக்கே கீழ்நாட்டைவிட இரண்டு மூன்று புள்ளி குறைத்துக் காட்டலாம். விரல் குளிர்ந்திருந்தாலோ மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலோ இன்னும் தப்பாகக் காட்டும். கையை உரசிச் சூடாக்கி ஒரு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். இந்த நோயாளிக்கு எந்த எண் வரை சரி என்று டாக்டரிடம் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவர்களுக்குப் பொதுவாக 88 முதல் 92 வரைதான் இலக்கு. ‘குறைவாக இருக்கிறதே’ என்று நீங்களாக ஆக்சிஜனைக் கூட்டினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரன்ட் போனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டில் ஒரு பி டைப் சிலிண்டராவது இருக்க வேண்டும். நிறைந்த சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 750 நிமிடம், பன்னிரண்டரை மணி நேரம். கடைசித் துளிவரை நம்பாமல் பத்து மணி நேரம் என்று கணக்கு வைத்து, கரன்ட் போனவுடனேயே வீட்டாருக்கும் சிலிண்டர்காரருக்கும் போன் போடுங்கள். மிஷின் எந்த உயரம்வரை சரியாக வேலை செய்யும் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கும். வாடகைக்கு எடுக்கும்போதே வீட்டாரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரப்பதக் குப்பியில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். இந்த உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் கொதி வந்த பிறகு மூன்று நிமிடம் விடுங்கள். அடுப்பு, ஹீட்டர், சாமி விளக்கு எல்லாம் ஆக்சிஜனிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். குளிரில் உதடு வெடிக்கிறது என்று வாசலின் தடவுவதும், சளிக்கு மூக்கருகே நீலகிரித் தைலம் தேய்ப்பதும் இங்கே எல்லா வீட்டிலும் பழக்கம். ஆக்சிஜன் ஓடும்போது இரண்டும் வேண்டாம், எளிதில் தீப்பிடிப்பவை.

சர்க்கரை இறங்கினால் உடம்பு நடுங்கும், வேர்க்கும். ஸ்வெட்டருக்குள் வேர்ப்பது தெரியாது, நடுக்கத்தைக் குளிர் என்று நினைத்து இன்னொரு கம்பளியைப் போர்த்துவார்கள். இன்சுலின் போடுபவர் நடுங்கினால் முதலில் சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பனிக்காலக் காலையில் குளுக்கோமீட்டர் ‘எர்ரர்’ காட்டினால் பெரும்பாலும் மிஷின் கெடவில்லை, பல மிஷின்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. சட்டைக்குள் சற்று நேரம் வைத்திருந்துவிட்டுப் பாருங்கள். இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் பயன்படாது, ஃப்ரீசர் பெட்டியை ஒட்டி வைக்காதீர்கள். பிரஷரை ஸ்வெட்டர் மேல் சுற்றிப் பார்ப்பதும், டீ குடித்த கையோடு பார்ப்பதும் தப்பான எண்ணைத் தரும்.

பக்கவாதத்தின் அறிகுறிகளான வாய் கோணுவது, ஒரு கை விழுவது, பேச்சு குழறுவது தெரிந்தால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை எழுதிக்கொண்டு 108-ஐ அழையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதில் மலைப்பாதையே ஒரு மணி நேரத்தை எடுத்துவிடலாம். ‘மகன் வரட்டும்’ என்று காத்திருக்கக் கூடாது. அப்படி ஏற்கெனவே பக்கவாதம் வந்தவரைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள்மூட்டு இறங்கிவிடும். வீல் சேரை நல்ல பக்கம் வைத்து, பிரேக்கைப் போட்டு, இடுப்பில் துண்டைக் கட்டி அதைப் பிடித்துத் தூக்குங்கள். உங்கள் முதுகு இந்த வேலையின் மூலதனம். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கப் பழகாதவர்கள் இடுப்பு வலியோடு இந்த வேலையையே விட்டுவிடுகிறார்கள்.

ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது, கத்தீட்டர் என்னும் சிறுநீர்க் குழாயோ மூக்குக் குழாயோ நுழைப்பது, மருந்தின் அளவை மாற்றுவது உங்கள் வேலை அல்ல. வீட்டார் கெஞ்சினாலும் அல்ல. மூக்குக் குழாய் வழியே கஞ்சி ஊற்றுவதை நர்ஸ் நேரில் கற்றுக்கொடுத்தால் செய்யலாம். மூக்கருகே போட்ட குறி நகரவில்லை என்று பார்த்து, தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, 30 மில்லி தண்ணீர் விட்டு, அழுத்தாமல் தானாக இறங்க விட்டு, முடிந்ததும் மறுபடி 30 மில்லி. அதன் பிறகு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் படுக்க விடக் கூடாது. நடுவில் இருமினால் உடனே நிறுத்துங்கள்.

மாமியாருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. மூத்திரம் அள்ளுவதும் இந்த வேலைதான், மறைக்க வேண்டாம். அதன் நிறம், அளவு, வாடை மூன்றையும் நோட்டில் நேரத்தோடு எழுதுபவர்தான் தண்ணீர் குறைவையும் கிருமித் தொற்றையும் டாக்டருக்கு முன்பே கண்டுபிடிக்கிறார். குளிர் ஊரில் வயதானவர்கள் தாகம் எடுக்காமல் தண்ணீரே குடிப்பதில்லை, மூத்திரம் மஞ்சளாகி, குழப்பமாகப் பேசத் தொடங்கும்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. அந்த நோட்டை ஒழுங்காக எழுதுபவரை எந்த வீடும் எளிதில் விடாது. மாமியாரிடம், அவர்கள் வீட்டுப் பெரியவர் கடைசி நாட்களில் யார் கையை நம்பியிருந்தார் என்று கேட்டுப் பேசிப் பாருங்கள்.

ஆண் நோயாளிகளைப் பார்க்க வேண்டியது வரலாம், மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சேரும் முன்பே சொல்லி எழுத்தில் வாங்குங்கள். பெண் உறுப்பினர் யாரும் இல்லாத வீட்டில் தங்கி வேலை பார்ப்பதை முதல் ஆறு மாதம் ஏற்காதீர்கள் என்பேன். 2013-ம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் வீடும் பணியிடம்தான். மாவட்டத்தில் இதற்கென உள்ளூர்க் குழு உண்டு, மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கலாம். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

சம்பளத்தை மாதக் கணக்கில் பார்த்து ஏமாறாதீர்கள். ஓர் உதாரணம்: தங்கி வேலை பார்க்க மாதம் 16,000 என்றால் நாளுக்கு 533 ரூபாய். விழித்திருக்கும் 16 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 33 ரூபாய்தான். இரவிலும் எழுந்தால் அதுவும் குறையும். வீட்டார் ஏஜென்சிக்கு எவ்வளவு தருகிறார்கள், உங்கள் கைக்கு எவ்வளவு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். வார விடுமுறை, தொடர்ந்து தூங்கும் நேரம், சாப்பாடு, தனிப் படுக்கை, இரவு பஸ் இல்லாத நாளில் வீடு திரும்பும் ஏற்பாடு, நோயாளியின் நோய் என்ன, குடும்பம் முழுவதற்கும் சமைக்க வேண்டுமா என எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். சம்பளம் வங்கிக் கணக்கில் வரட்டும். நோயாளியின் ஏ.டி.எம். பின் நம்பரைத் தெரிந்துகொள்ள மறுத்துவிடுங்கள், உயில் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தும் போடாதீர்கள். சேரும் நாளில் அவர் உடம்பில் என்ன நகை இருக்கிறது என்று வீட்டார் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் பதிவு இலவசம். வருடத்துக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு எந்த வங்கியிலும் எடுக்கலாம்.

வீட்டை விட்டுத் தங்க முடியாது என்றால் இன்னொரு வழியும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாக எடுத்து, வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மருந்து கொடுக்க வைக்கிறார்கள். வருமானம் முழுநேரச் சம்பளம்போல் இருக்காது. ஆனால் உங்கள் ஊரிலேயே வேலை, ஏ.என்.எம். விண்ணப்பிக்கும்போது சொல்லிக்கொள்ள அனுபவம். குழுவில் இருக்கிறீர்கள் என்றால் மகளிர் திட்ட அலுவலகத்திலும் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காலியிடம் கேட்டு வையுங்கள். வெளிநாட்டு ஆசை காட்டுபவர்கள் வந்தால், அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தில் விசாரிக்காமல் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டும் 30,000 ரூபாய்க்கும் வரிக்கும் மேல் வாங்கக் கூடாது.

எந்த வழியில் போனாலும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைப் பயிற்சிக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் பரவும் நோய்களில் தடுப்பூசி உள்ளது இது. இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என மூன்று தவணை. வார்டுப் பயிற்சிக்குப் போகும் முன் முதல் இரண்டு தவணையாவது முடிந்திருக்க வேண்டும். போட்ட தேதிகளை அட்டையில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள், பயிற்சி நிலையமும் பின்னால் ஏ.என்.எம். சேர்க்கையிலும் கேட்பார்கள்.